மேரிஜோசப்பினின் சீனிச்சுருள்

மேரிஜோசப்பினைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். அவள் சுடுகிற சீனிச்சுருள் அருமையாக இருக்கும். காலையில் வெறுந்தேத்தண்ணீரோடு இரண்டைத் தின்றால் மத்தியானம் வரைக்கும் வயிறு ஒன்றும் கேட்காது. இனிமேல் நான் சொல்லப்போவது எதுவும் அவளுக்குப் பிடிக்காது. அவளுக்குப் பிடிக்கவேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை.

அவள் என் தமக்கை செபஸ்தியம்மாவின் சம்பந்தி. தமக்கையின் ஒரே மகள் பிரியதர்சினியை அவளுடைய மகன் டிலோனுக்குக் கட்டிக்கொடுத்தோம். நான் கலியாணம் கட்டாதவள்; தமக்கையோடும் பிள்ளையோடும் ஒரே வீட்டில் இருக்கிறேன். கலியாணம் கட்டாதவளுக்குக் குடும்பச் சங்கதி என்ன தெரியும் என்று மேரிஜோசப்பின் என்னைப் பற்றி மண்டைதீவு முழுக்கச் சொல்லித் திரிந்தவள். குடும்பச் சங்கதி என்றால் என்னவென்று அவளைப் பார்த்துத்தான் நான் படித்தேன். படித்ததும் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆள் கட்டை, குரல் நெட்டை. கோயிலில் முன் வாங்கில்தான் இருப்பாள். பாட்டு எடுத்தால் எல்லோருக்கும் முன்னால் ஓடி, அடுத்த அடியில் நின்றுகொண்டு மற்றவர்களை இழுப்பாள். செத்தவீடானாலும் கலியாணவீடானாலும் முதலில் குசினிக்குள் நுழைந்து, மற்றப் பெண்கள் வைத்த உப்பில் குறை சொல்லுவாள். அவளை ஊரில் பலருக்குப் பிடிக்கும். கை நிறையக் கொடுப்பவள், வாய் நிறையச் சிரிப்பவள் என்பார்கள். சிரிப்புக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்று பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

அவள் கட்டியது பஸ்ரியாம்பிள்ளையை. கடலில் அந்த மனிதருக்கு இணை இல்லை என்பார்கள். கரையில் அவரைப் போல விழுந்து கிடந்தவரும் இல்லை. கள்ளுத் தவறணை திறக்க முன்னமே அதன் வாசலில் நிற்பார். அவர் தொழிலுக்குப் போகாத நாட்களில் யாராவது கேட்டால், அந்தாளுக்குக் காய்ச்சல் என்பாள் மேரிஜோசப்பின். அவளுடைய கன்னம் வீங்கியிருந்தால் பல்லுக்குத்து என்பாள். அத்தனை வருடம் ஒரு மனுசிக்குப் பல்லுக்குத்து இருந்தால் வாயில் ஒரு பல்லும் மிஞ்சியிருக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்லுவார்கள். இவள் ஒரு வள்ளத்தையே சோற்றில் மறைத்தவள். கடைசியில் அவர் ஈரல் கருகிச் செத்தபோதும் கண் மஞ்சளாகிற செங்கமாரி என்றுதான் ஊருக்குச் சொன்னாள். குடி என்ற சொல்லை அவரோடு சேர்த்து அவள் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

சீனிச்சுருளும் அந்தக் குடியில் பிறந்ததுதான். போர் நடந்தபோது தீவை விட்டு இடம்பெயர்ந்து குருநகரில் ஒரு கொட்டிலில் இருந்த காலம். ஒருநாள் பஸ்ரியாம்பிள்ளை பாதிப் போத்தல் கள்ளை மிச்சம் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். கொட்டினால் எழும்பிக் கேட்பார், வைத்தால் குடிப்பார். வீட்டில் இருந்தது நிவாரண மாவும் ஒரு பிடி சீனியும். அவள் கள்ளை மாவுக்குள் ஊற்றிக் குழைத்து மூடிவைத்தாள். விடியப் பார்த்தால் மா பொங்கிச் சட்டியின் வாய்க்கு வந்திருந்ததாம். இந்தக் கதையை அவள் சிரித்துச் சிரித்துச் சொல்லுவாள். விடிந்து எழும்பிப் போத்தலைத் தேடிய மனிதர் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லமாட்டாள்.

செய்முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மா, சீனி, கள்ளு, தேங்காய்ப்பால், உப்பு. முட்டையும் வேண்டாம், கடையில் விற்கிற ஈஸ்ட்டும் வேண்டாம். பின்னேரக் கள்ளில் மாவைக் குழைத்து மூடிவைக்கவேண்டும். காலையில் அதைப் பலகையில் தட்டையாக உருட்டி, கட்டித் தேங்காய்ப்பாலைத் தடவி, சீனியை அள்ளித் தூவி, பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டித் துண்டு துண்டாக வெட்டவேண்டும். வீட்டில் ரொட்டி வேகவைக்கிற போறணை ஏது? பெரிய தாச்சிக்குள் மணலைக் கொட்டிச் சூடாக்கி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் போட்டால் சரி. உள்ளே சீனி உருகி ஓரமெல்லாம் பாகாக வழியும். கள்ளுப் போட்டுத்தான் அவள் செய்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். கோயிலில் மதுவை விட்டதாக நேர்த்தி வைத்தவர்களும் தின்பார்கள். அப்பத்துக்கும்தானே கள்ளு விடுகிறோம், அதை யார் குடி என்று எண்ணினார்கள்?

டிலோன் தகப்பனின் அச்சு. நண்டு வலைக்குப் போவான், கெட்டிக்காரன், கரைக்கு வந்தால் தவறணை. எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்குச் சீதனமாக வீடு எழுதுவோம், மாப்பிள்ளையும் அந்த வீட்டுக்கு வந்துவிடுவான். ஆகவே அவன் குடித்துவிட்டு வந்து நின்றது எங்கள் வீட்டில், பிரியதர்சினியின் பெயரில் எழுதின வீட்டில். முதலில் சட்டி பானைகளை எறிந்தான். பிறகு அவளை எறிந்தான். போன மாசி மாதம் அவளுடைய முன்பல் ஒன்று உடைந்தது. முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவள் அவள். இரண்டு கிழமை வாயைக் கையால் பொத்திக்கொண்டு பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். பல் உடைந்த அன்று அவனை வேலிப் படலைக்கு வெளியே தள்ளியது அவள்தான். நான் உலக்கையோடு பின்னால் நின்றேன், அவ்வளவுதான்.

தமக்கை ஒரே அழுகை. ஊர் என்ன சொல்லும், கல்லானாலும் கணவன் என்று சும்மாவா சொன்னார்கள் என்று தொடங்கினாள். கல் என்றால் நல்லது அக்கா, தூக்கி வேலிக்கு அங்காலே எறியலாம் என்றேன். அவள் என்னோடு மூன்று நாள் பேசவில்லை. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் மூப்பர் சில்வெஸ்ரர் சமாதானத்துக்கு வந்தார். கோயில் காரியம் பார்க்கிற பெரியவர் அவர். எங்கள் ஊரில் சண்டை என்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். டிலோன் அந்தோனியார் சுருபத்துக்கு முன்னால் நேர்த்தி வைப்பான் என்றார். ஆனி மாதத்துப் பெருநாள் வரைக்கும் கள்ளோ சாராயமோ தொடமாட்டான், அதுவரைக்கும் தாய் வீட்டில் இருப்பான், வாக்கைக் காத்தால் பெருநாள் பூசை முடிந்ததும் பிரியதர்சினி படலையைத் திறக்கவேண்டும். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். மூப்பருக்கு முன்னால் அவளே வாயால் சொன்னாள். நான் சொல்லவேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். வாக்கைக் காக்காதவனுக்குத் தெரியாத்தனமாகப் படலையைத் திறந்துவிட்டால், அடுத்த முறை பல்லோடு நிற்காது.

அவன் வாக்கைக் காத்துக்கொண்டிருப்பதாகத்தான் தெரிந்தது. ஒழுங்காகத் தொழிலுக்குப் போனான், கோயிலுக்கு வந்தான், வழியில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனான். பிரியதர்சினியின் முகத்திலும் மெல்ல வெளிச்சம் வந்தது. புதிதாகக் கட்டின பொய்ப்பல்லைக் காட்டிச் சிரிக்கவும் தொடங்கினாள். அவளுக்கு அவன்மேல் ஆசை இருந்தது. அதை நான் பழிக்கவில்லை. ஆசை இல்லாமல் இருந்தால் இந்தக் கதையே இல்லை.

பெருநாளுக்குக் கொடியேற முன்னம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் வாசலில் அவன் இவளோடு கொஞ்சம் பேசினான். வீட்டுக்கு வந்தவள் செபமாலையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். என்ன என்று கேட்டேன். அவருடைய வாயில் கள்ளு மணக்குது சின்னம்மா என்றாள். நான் உடனே மூப்பர் வீட்டுக்கு நடந்தேன். செருப்புப் போட்டேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை.

மத்தியானம் சாயும்போது மூப்பர் வந்தார். அவருக்குப் பின்னால், யாரும் கூப்பிடாமலே, மேரிஜோசப்பினும் வந்தாள். கையில் துணியால் மூடின ஒரு சட்டி. வந்ததும் வராததுமாகச் சட்டியை மேசையில் வைத்துத் துணியை எடுத்தாள். உள்ளே குழைத்த மா, சுடாமல் பச்சையாகவே, பொங்கி இருந்தது. எல்லோரும் மணந்து பாருங்கோ என்றாள். மூப்பர் மணந்து பார்த்தார், தமக்கையும் மணந்து பார்த்தாள், என்னையும் விடவில்லை. கள்ளு நெடி மூக்கில் அடித்தது. பிறகு பிரியதர்சினியின் முகத்துக்கு நேரே சட்டியைப் பிடித்தாள்.

“இதுதானே பிள்ளை நீ மணந்தது? அவன் விடியக் காத்தாலை என்ரை சீனிச்சுருள் நாலு திண்டவன். குடிச்சவன் எண்டால் என்ரை நாக்கு அழுகிப் போகட்டும். பனைமரத்துக்குக் கீழை நிண்டு பால் குடிச்சாலும் கள்ளெண்டுதான் சொல்லுவினம், சனத்தின்ரை வாய் அப்பிடி.”

சனம் என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள். மூப்பர் சிரித்தார். அப்பம் தின்றவனைக் குடிகாரன் என்று சொல்ல ஏலுமா, தின்றது குடித்ததாகாது, நேர்த்திக்குக் குறை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். தமக்கை அந்தோனியாருக்கு நன்றி சொல்லத் தொடங்கிவிட்டாள். பிரியதர்சினி இன்னொரு தடவை மாவை மணந்து பார்த்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு, மாமி குறை நினைக்காதேங்கோ என்றாள். மேரிஜோசப்பின் அவளுடைய நாடியைத் தடவி, நான் ஏன் பிள்ளை குறை நினைக்கிறேன் என்றாள். மாவில் இருந்தது அதே மணம்தான். நான் எழும்பிக் குசினிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கொண்டாட்டம். ஒன்றைவிட்ட ஒருநாள் சீனிச்சுருளோடு வருவாள். வந்தால் என் குசினியில் ஏறி இருந்து, தமக்கையை மச்சாள் மச்சாள் என்று உருக்கிவிட்டு, போகும்போது என்னை நக்கலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். பெருநாளன்று மகன் வந்ததும் எந்த அறை, எந்தக் கட்டில் என்பதுவரைக்கும் பேசினாள். சந்தேகப் பிராணிகள் வீட்டில் இருந்தால் குடும்பம் உருப்படாது என்று, என்னை மடத்தில் சேர்க்கிற யோசனையும் தமக்கைக்குச் சொன்னாளாம். தமக்கை அதையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

எங்கள் வழக்கத்தில், பிரிந்திருந்த புருஷன் பெண்சாதி பெருநாளில் சேர்ந்தால், பூசை முடிந்து வந்து பெண் வீட்டில் இருவரும் ஒரே தட்டில் காலைச் சாப்பாடு சாப்பிடவேண்டும். அந்தச் சாப்பாட்டுக்கு டிலோனுக்குப் பிடித்த சீனிச்சுருளைத் தன் கையாலேயே செய்யவேண்டும் என்று பிரியதர்சினிக்கு ஒரு விருப்பம். மாமி, நீங்கள் செய்கிற மாதிரி ஒருவருக்கும் வராது, எப்படியென்று சொல்லுங்கோ என்று படலையில் வைத்துக் கேட்டாள். மேரிஜோசப்பினைப் புகழ்ந்தால் போதும், இடுப்பில் தொங்குகிற வீட்டுத் திறப்பையே கழற்றித் தந்துவிடுவாள். வலு சுகம் பிள்ளை, ஒரு கஷ்டமும் இல்லை என்று தொடங்கி, வழியில் போனவர்களுக்கும் கேட்கிறமாதிரி முழுவதையும் சொல்லிக் கொடுத்தாள். இவ்வளவு காலம் மறைத்து மறைத்துச் சீவித்தவள், சமையல் பெருமையில் தடுக்கி விழுந்தாள். அதை அப்போது நானும் அறியவில்லை.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னம் ஒருமுறை சுட்டுப் பார்ப்போம் என்றாள் பிரியதர்சினி. கள்ளு வாங்கப் போனது நான். தவறணைக்குப் போக ஏலாது. மரத்தடியில் நின்று, சீவிவிட்டு இறங்கினவரிடம் சுண்ணாம்பு போடாத கள்ளாக ஒரு போத்தல் வாங்கினேன். மரத்தடியில் நின்ற நான்கு ஆண்களும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். எனக்குத்தான் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மா நன்றாகப் பொங்கியது. விடியச் சுட்டோம். முதல் தட்டு அடியில் கொஞ்சம் கருகியது, இரண்டாவது திறமாக வந்தது. தமக்கையும் நானும் பிரியதர்சினியும் குசினி நிலத்தில் இருந்து, சுடச்சுட வெறுந்தேத்தண்ணீரோடு தின்றோம். சீனிப்பாகு விரலெல்லாம் ஒட்டியது. நான் மூன்று தின்றேன். மேரிஜோசப்பின்மேல் இருந்த கோபத்தில் நான்காவதையும் எடுத்தேன்.

பிரியதர்சினி தின்பதை நிறுத்திவிட்டாள். உள்ளங்கையைக் குவித்து வாயருகே பிடித்து ஊதினாள். திரும்பவும் ஊதினாள். பிறகு நகர்ந்து வந்து என் முகத்துக்கு நேரே இருந்தாள்.

“சின்னம்மா, என்ரை வாயை மணந்து பாருங்கோ. என்ன மணக்குது?”

சீனி மணத்தது. சுட்ட தேங்காய்ப்பால் மணத்தது. கள்ளு என்று ஒரு துளியும் இல்லை. நன்றாகப் பாருங்கோ என்றாள். நான் பூனை மாதிரி அவள் வாயை முகர்ந்தேன். இல்லை. தமக்கையைக் கூப்பிட்டு ஊதிக் காட்டினாள். தமக்கைக்கு விளங்கிவிட்டது, விளங்காத மாதிரி நின்றாள். நீ ஒன்றுதானே பிள்ளை தின்றாய், அவன் நாலு தின்றவன் என்றாள். பிரியதர்சினி தட்டை இழுத்து வைத்து இன்னும் நான்கு தின்றாள். விக்கியது, தேத்தண்ணீரை ஊற்றி விழுங்கினாள். திரும்ப ஊதினாள். ஒன்றும் இல்லை.

சட்டியில் ஒரு பிடி பச்சை மா மிஞ்சிக் கிடந்தது. அதைக் கிள்ளி மூக்கில் வைத்தாள். கள்ளு நெடி குபீரென்று வந்தது. நெருப்பில் வைத்தால் அந்த நெடி போய்விடுகிறது. மேரிஜோசப்பின் அன்று சுட்டதைக் கொண்டுவராமல் சட்டியோடு பச்சை மாவைத் தூக்கிக்கொண்டு வந்தது ஏனென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு காலமாகச் சுடுகிறவள், தெரியாமல் இருக்குமா?

“என்னை மாடெண்டு நினைச்சிட்டினம்” என்றாள் பிரியதர்சினி. கண் கலங்கவில்லை, முகம் சிவந்து கிடந்தது. எனக்குச் சந்தோசம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் நிலத்தில் சிந்திக் கிடந்த சீனியை விரலால் கூட்டிக்கொண்டு அப்படியே இருந்ததைப் பார்த்தபோது, அவனை வெட்டிப் போடலாம் போல இருந்தது. மூப்பரிடம் இப்போதே போகிறேன் என்று எழும்பினேன். அவள் என் கையைப் பிடித்து இருத்தினாள். அவர்கள் வரட்டும் என்றாள்.

பெருநாளன்று டிலோன் வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாக அந்தோனியார் சுருபத்தை மற்ற ஆண்களோடு தோளில் சுமந்தான். பார்ப்பவர்களுக்கு அவனே ஒரு சுருபம். பூசை முடிந்து மூப்பர் முன்னால் வர, மேரிஜோசப்பின் நடுவில் வர, அவன் கடைசியாக வந்தான். அவளுடைய கையில் வழமையான சீனிச்சுருள் சட்டி. புதுச் சேலை, தலையில் பூ. வழியில் காண்கிறவர்களுக்கெல்லாம் மகனைக் காட்டிக்கொண்டு வந்தாள். தமக்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிரியதர்சினி விடியச் சுட்ட சீனிச்சுருளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு படலைக்குப் போனாள். நானும் போனேன்.

படலையை அவள் திறக்கவில்லை. மேலாலே தட்டை நீட்டி, மாமி சாப்பிட்டுப் பாருங்கோ என்றாள். மேரிஜோசப்பினுக்கு வாயெல்லாம் பல். ஒன்றை எடுத்துக் கடித்து, கண்ணை மூடி மென்று, சீனி கொஞ்சம் கூடிவிட்டது, மற்றப்படி என் கைப்பக்குவம்தான் என்று மூப்பருக்குச் சொன்னாள். மூப்பரும் ஒன்றை எடுத்தார். இருவரும் தின்று முடியுமட்டும் பிரியதர்சினி பொறுமையாக நின்றாள்.

“இப்ப ஊதுங்கோ மாமி.”

மேரிஜோசப்பின் ஊதவில்லை. வாயை மூடிக்கொண்டாள். இந்தச் சின்ன வயதுக்காரிக்கு இது எப்படித் தெரிந்தது என்று அவள் கண் தட்டையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தது. மூப்பருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவரும் உள்ளங்கையில் ஊதி மணந்து பார்த்தார். இன்னொரு முறை ஊதினார். கையைக் கீழே விட்டுவிட்டு டிலோனைத் திரும்பிப் பார்த்தார். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று தான் சொன்ன தீர்ப்பு அவருடைய முகத்தில் அறைந்திருக்கவேண்டும். அந்த மனிதர் கறுத்துப் போனார்.

டிலோனுக்கு இரண்டு வழி இருந்தது. குடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். சும்மா நின்றிருக்கலாம். அவன் இரண்டையும் செய்யவில்லை.

“அம்மாதான் அப்பிடிச் சொல்லலாம் எண்டவ” என்றான்.

பெற்றவளை இப்படி நடுத்தெருவில் விற்கிற ஒரு பிள்ளையை நான் அதுவரைக்கும் கண்டதில்லை. அவளுக்கு வலித்தது, எனக்குத் தெரிந்தது. அவளுக்கு வலிக்கவேண்டும் என்று இத்தனை நாள் செபமாலையில் நினைத்தவள் நான். அன்று அது எனக்கு இனிக்கவில்லை, அவ்வளவுதான் சொல்லுவேன். ஆனால் அவள் அவனை ஒன்றும் சொல்லவில்லை. பிரியதர்சினியிடம்தான் திரும்பினாள். அவன் எப்போதாவது கொஞ்சம்தான், ஆம்பிளைகள் என்றால் அப்படித்தான், நான் பொறுக்கவில்லையா என்றாள். பிரியதர்சினியின் கை கொளுக்கிக்குப் போகவில்லை. அதுதான் மேரிஜோசப்பினுக்குப் பொறுக்கவில்லை. குரல் உடைந்து, கோயில் பக்கம்வரை கேட்கக் கத்தினாள்.

“பொறுக்காமல் என்னடி செய்யிறது? எனக்குத் தந்த வீட்டையும் அந்தாள் வித்துக் குடிச்சது. பிள்ளையளைக் கொண்டு நான் எங்கை போறது?”

தெருவில் பெருநாள் சனம் நின்று பார்த்தது. அவளுக்கும் தான் சொன்னது காதில் விழுந்திருக்கவேண்டும். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

பிரியதர்சினி தட்டை என்னிடம் தந்துவிட்டுப் படலையைத் திறந்தாள். டிலோன் ஒரு அடி முன்னுக்கு வைத்தான். அவள் கையை நீட்டி மறித்தாள்.

“நீங்கள் வாங்கோ மாமி. இது என்ரை வீடு. உங்களுக்கு இஞ்சை இடம் இருக்கு, இருக்கிற மட்டும் இருங்கோ. அவருக்கு இல்லை.”

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தாயிடமும் கேட்கவில்லை. மேரிஜோசப்பினோடு ஒரு குசினியில் நிற்பதைவிட நான் மடத்துக்கே போகலாம். ஆனாலும் நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

டிலோன் காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தான். தவறணைப் பக்கமாகத்தான் நடந்தான், நேர்த்தி முடிந்துவிட்டதே. மேரிஜோசப்பின் திறந்த படலைக்கு முன்னால் நின்றாள். உள்ளே பார்த்தாள். முற்றத்தைப் பார்த்தாள், குசினிப் பக்கம் பார்த்தாள், என்னைக்கூடப் பார்த்தாள். பிரியதர்சினி கையை நீட்டியபடியே நின்றாள். பிறகு மேரிஜோசப்பின் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தம்பி நில்லு, வெறுவயித்தோடை போகாதை என்று கூப்பிட்டபடி மகனுக்குப் பின்னால் ஓடினாள்.

பிரியதர்சினி நீட்டின கையை எடுத்துப் படலையைச் சாத்தினாள். கொளுக்கியை நான் போட்டேன்.